ஃபைனா, ராஜியா, ஹைகோர்ட்டா, நடத்திப் பார்ப்பதா? அடிதடி வழக்கில் நான்கு வழிகள்

"ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஃபைன் கட்டினால் இன்றைக்கே முடிந்துவிடும் என்கிறார்கள் சார். கட்டிவிடட்டுமா?"

மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் என்னிடம் இப்படிக் கேட்ட பையனுக்கு வயது இருபத்து மூன்று. வாய்க்கால் தண்ணீர் திருப்பியதில் பங்காளிகளுக்குள் சண்டை. அப்பா ஏ-1, அதாவது முதல் எதிரி, சித்தப்பா ஏ-2, அண்ணன் ஏ-3, இவன் ஏ-4. கையில் நோட்டு மடித்துத் தயாராக வைத்திருந்தான். அறுப்பு நேரம் என்பதால் அப்பாவுக்கு வீடு திரும்பும் அவசரம். "என்னப்பா படிக்கிறே?" என்றேன். "எஸ்.ஐ. தேர்வுக்குத் தயாராகிறேன் சார்."

பணத்தைச் சட்டைப் பையில் வை என்று சொல்லிவிட்டு உட்கார வைத்தேன். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், இதே கேள்வியோடு வரும் மற்றவர்களிடம் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். குற்றம்சாட்டப்பட்டவர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பெண்கள் மீதான தாக்குதல், குழந்தைகள் தொடர்பான வழக்கு, எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு, அரசு ஊழியரைப் பணியில் தாக்கிய வழக்கு ஆகியவற்றின் கணக்கு வேறு. அவற்றுக்கு இதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

## முதலில் பிரிவைப் படியுங்கள்

"அடிதடி கேஸ்" என்று சட்டத்தில் எதுவும் இல்லை. பிரிவு எண்கள்தான் இருக்கின்றன. எந்த வழி திறந்திருக்கிறது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். அதற்கு முன் நடந்ததற்குப் பழைய இ.பி.கோ.தான். கோர்ட்டில் இன்னும் பாதிப் பேர் பழைய எண்ணிலேயே பேசுவதால் இரண்டையும் தருகிறேன்.

| என்ன குற்றச்சாட்டு | இ.பி.கோ. | பி.என்.எஸ். | அதிகபட்சத் தண்டனை (பி.என்.எஸ்.படி) | ராஜி ஆகுமா |
|---|---|---|---|---|
| பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது | 294(பி) | 296(பி) | 3 மாதம் அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் | ஆகாது |
| வழிமறித்தது | 341 | 126(2) | 1 மாதம் அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும் | ஆகும் |
| அடித்தது, சாதாரணக் காயம் | 323 | 115(2) | 1 ஆண்டு அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும் | ஆகும் |
| ஆயுதத்தால் சாதாரணக் காயம் | 324 | 118(1) | 3 ஆண்டு அல்லது 20,000 ரூபாய், அல்லது இரண்டும் | ஆகாது |
| கொடுங்காயம் | 325 | 117(2) | 7 ஆண்டு, அபராதம் | நீதிமன்ற அனுமதியோடு ஆகும் |
| ஆயுதத்தால் கொடுங்காயம் | 326 | 118(2) | 1 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை, அல்லது ஆயுள். அபராதம் | ஆகாது |
| மிரட்டல் | 506(1) | 351(2) | 2 ஆண்டு அல்லது அபராதம், அல்லது இரண்டும் | ஆகும் |
| கொலை மிரட்டல் | 506(2) | 351(3) | 7 ஆண்டு அல்லது அபராதம், அல்லது இரண்டும் | ஆகும் |

இந்த அட்டவணையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கையால் அடித்து விரல் எலும்பு முறிந்தால் ஏழு வருடக் குற்றம், ஆனால் கோர்ட் அனுமதித்தால் ராஜி ஆகலாம். ஆயுதம் என்று எழுதிய பொருளால் ஒரு கீறல் விழுந்தால் மூன்று வருடக் குற்றம்தான், ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ராஜி ஆக முடியாது. உங்கள் கையில் இருந்தது துண்டா, கட்டையா, கல்லா என்று எஃப்.ஐ.ஆரில் எழுதும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை.

கொடுங்காயம் என்றால் ரத்தம் நிறைய வந்தது என்று பொருள் இல்லை. எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இருந்தால் அது கொடுங்காயம். கண், காது, உறுப்பு இழப்பு போல வேறு சில வகைகளும் உண்டு. பழைய சட்டத்தில் இருபது நாள் கடும் வலியில் கிடந்தாலோ அன்றாட வேலை பார்க்க முடியாமல் போனாலோ கொடுங்காயம் ஆகும். பி.என்.எஸ். அதைப் பதினைந்து நாளாகக் குறைத்துவிட்டது. சாதாரணக் காயமாகத் தொடங்கிய வழக்கு, எக்ஸ்ரே வந்ததும் பிரிவு மாறுவது வாராவாரம் நடப்பதுதான்.

நம் ஊர் எஃப்.ஐ.ஆரில் திட்டியது, அடித்தது, மிரட்டியது மூன்றும் ஜோடி சேர்ந்தே வரும். பழைய எண்ணில் "294(பி), 323, 506(2)" என்றால் கோர்ட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அந்த மூன்றில் முதலில் இருப்பது ராஜி ஆகாது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

## எதை வைத்து எடை போடுவது

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் "எது சீக்கிரம் முடியும், எவ்வளவு ஆகும்" என்ற இரண்டைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வழக்கு முடியும்போது உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கும் என்பதை. தண்டனைத் தீர்ப்பா, ராஜியால் விடுதலையா, ஹைகோர்ட் ரத்து உத்தரவா, சாட்சிகளை விசாரித்துக் கிடைத்த விடுதலையா? வேலை, பாஸ்போர்ட், அடுத்த வழக்கு என எல்லா இடத்திலும் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

அடுத்தது, பின்வாங்க முடியுமா என்பது. சில வழிகளில் ஒரு கையெழுத்துப் போட்டால் கதவு மூடிவிடும். அப்புறம் வாய்தா எண்ணிக்கை, அதனால் போகும் கூலி. கடைசியாக, எதிராளி நாளைக்கும் அதே தெருவில் இருக்கப்போகிறாரா என்பது. வரப்புத் தகராறுக்கும் பஸ் நிலையத்தில் முகம் தெரியாதவரோடு நடந்த கைகலப்புக்கும் ஒரே வழி பொருந்தாது.

## வழி 1: குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவது

நான்கில் மலிவானது இதுதான். வக்கீல் கூட வேண்டாம் என்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் நின்று "ஆமாம் ஐயா" என்றால் அபராதம், கட்டினால் ரசீது, மத்தியானத்துக்குள் வீடு.

அந்த ரசீதுக்குப் பின்னால் இருப்பது ஒரு தண்டனைத் தீர்ப்பு. ஒரு ரூபாய் அபராதமாக இருந்தாலும் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். "ஜெயிலுக்குப் போகவில்லையே, அது எப்படித் தண்டனை?" என்று கேட்டவர்கள் பலர். விண்ணப்பப் படிவத்தில் "எந்தக் குற்ற வழக்கிலாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் "ஆம்" என்பதுதான். மேல்முறையீடும் ஏறக்குறைய கிடையாது. மாஜிஸ்திரேட் முன் நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் மட்டும்தான் கேள்வி கேட்க முடியும். குற்றமே செய்யவில்லை என்று திரும்பிப் பேச முடியாது.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைச் சிலர் நினைவூட்டுவார்கள். முதல் முறை மாட்டியவரைக் கண்டித்தோ நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ கோர்ட் அனுப்பலாம். தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்வதும் உண்மை. ஆனால் குற்றவாளி என்ற முடிவு அழிவதில்லை. அதனால் ஒப்புக்கொள்வது என்று முடிவாகிவிட்டால் ஃபைனைவிட இதைக் கேட்டு வாங்குவது நல்லது. கேட்காமல் பெரும்பாலும் கிடைக்காது.

பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறையும் சட்டத்தில் இருக்கிறது. ஏழு வருடம் வரையிலான குற்றங்களுக்கு, குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். எதிராளிக்கு இழப்பீடு பேசி முடித்தால், முதல் முறைக்காரருக்குத் தண்டனை வெகுவாகக் குறையும். ஆனால் அதுவும் தண்டனைதான்.

யாருக்குப் பொருந்தும்? அறுபதைத் தாண்டியவர், சொந்தத் தொழில் செய்பவர், வெளிநாட்டுத் திட்டம் இல்லாதவர், சின்னப் பிரிவு, ஆதாரமும் எதிராகப் பலமாக இருக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நூறு கிலோமீட்டர் வர வேண்டும் என்ற நிலை. அவருக்கு இது நியாயமான முடிவு. நானே சொல்லியிருக்கிறேன். இருபத்து மூன்று வயதுக்காரருக்கு ஒருபோதும் சொன்னதில்லை.

அரசு ஊழியராக இருந்தால் இந்த வழியின் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாடு அரசுப் பணியில் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பென்ஷன் ஆனதாகக் கருதப்படும். தண்டனையோடு போய் நின்றால் துறை நடவடிக்கை வேறு.

## வழி 2: ராஜி

"அவர் கேஸை வாபஸ் வாங்கிவிட்டார்" என்று நம்பிக்கொண்டு மூன்று வாய்தா போகாமல், பிடிவாரண்டோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரர் நினைத்த மாத்திரத்தில் திரும்பப் பெற முடியாது. ராஜி எப்போது, எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும்.

எஃப்.ஐ.ஆருக்கு முன்னால், புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருக்கும் கட்டத்தில் பேசி முடித்தால் அதைவிடச் சிறந்த முடிவு இல்லை. வழக்கே பிறக்கவில்லை. ஸ்டேஷனில் இரு தரப்பும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எழுதுவதை முழுக்கப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து தொகை சொல்லி, அதில் தனக்கும் பங்கு கேட்டால் அது கட்டப்பஞ்சாயத்து, எழுந்து வந்துவிடுங்கள்.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு, ராஜி ஆகக்கூடிய பிரிவுகள் மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ லோக் அதாலத்திலோ முடிக்கலாம். புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 359ஆம் பிரிவின்படி அப்படி முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். நல்ல காகிதம்.

சிக்கல் அந்த மூன்று எண் ஜோடியில்தான். அடித்ததற்கு ராஜி பதிவாகும், திட்டியதற்கு ஆகாது. அப்போது என்ன செய்வார்கள்? வெளியில் சமாதானம் பேசிவிட்டு, சாட்சிக் கூண்டில் ஏறி "யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை" என்பார்கள். பிறழ் சாட்சி. வழக்கு விடுதலையில் முடியும், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

இதன் மறைமுக விலை பலருக்கும் தெரியாது. தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதலாம் என்று விளக்கம் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பையனுக்கு "சாட்சியைப் பேசி முடித்துவிடலாம்" என்பது ஆபத்தான யோசனை. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவருக்கும் அது தனிக் குற்றம் என்பதை நடுவில் நின்று பேசி முடிப்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

பொருந்துவது: பக்கத்து வீடு, பங்காளி, ஒரே பட்டறையில் வேலை. பகை தொடர்ந்தால் அடுத்த வழக்கு நிச்சயம் என்ற இடங்களில், பிரிவுகள் சின்னவையாக இருந்தால் ராஜிக்குத்தான் என் ஓட்டு. மருத்துவச் செலவைக் கொடுப்பதில் கௌரவம் பார்க்காதீர்கள். கொடுப்பதை ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகக் கொடுங்கள்.

## வழி 3: ஹைகோர்ட்டில் ரத்து

வழக்கையே ரத்து செய்ய உயர்நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482, இப்போது பி.என்.எஸ்.எஸ். 528. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை இருப்பதால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம்.

இரண்டு விதமாக ரத்து கேட்கலாம். ஒன்று, சமாதானத்தின் பேரில். மாஜிஸ்திரேட்டால் ராஜி செய்ய முடியாத 296(பி), 118(1) போன்றவற்றையும் ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போலச் சமூகத்துக்கே எதிரான குற்றங்களில் கூடாது. கொலை முயற்சிப் பிரிவு சேர்ந்திருந்தால் காயம் உடலின் எந்த இடத்தில், என்ன ஆயுதம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் சொன்னது. இதற்குக் கூட்டு சமாதான மனு வேண்டும். புகார்தாரரின் சம்மதம் உண்மைதானா என்று நீதிபதி உறுதிப்படுத்திக்கொள்வார். அன்றைக்கு அவர் மனம் மாறினால் நீங்கள் செய்த செலவு அவ்வளவுதான். சில நேரம் ஏதாவது ஒரு நிதிக்குப் பணம் கட்டச் சொல்லி உத்தரவு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, வழக்கிலேயே சாரம் இல்லை என்று. கோபத்தில் வந்த வசவு எல்லாம் 296(பி) ஆகாது, வெறும் வாய்ச்சவடால் 351(3) ஆகாது என்பது சென்னை உயர்நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது. காலக்கெடு என்ற ஆயுதமும் உண்டு. பி.என்.எஸ்.எஸ். 514இன்படி ஒரு வருடம் வரை தண்டனையுள்ள குற்றத்துக்கு ஒரு வருடம், மூன்று வருடம் வரையுள்ளதற்கு மூன்று வருடம் என்று கெடு இருக்கிறது. பல பிரிவுகள் இருந்தால் பெரிய தண்டனைதான் கணக்கு. வெறும் 115(2), 296(பி)யை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்துக் குற்றப்பத்திரிகை போட்டிருந்தால் சம்பவ தேதி, எஃப்.ஐ.ஆர். தேதி, தாக்கல் தேதி மூன்றையும் முதலில் பாருங்கள்.

ரத்து உத்தரவு நான்கிலும் சுத்தமான காகிதம், வாய்தா அலைச்சலும் நின்றுவிடும். குறை என்றால் முன்பணம். வக்கீல் கட்டணம் ஒரே தவணையில் போகும். இன்னொன்று, சாட்சி பொய் சொல்கிறான் என்பதை நிரூபிக்கும் இடம் அது இல்லை. காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் ஓட்டைக்குத்தான் ஹைகோர்ட். தள்ளுபடி ஆனால் திரும்ப மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே வர வேண்டும்.

ரத்தானாலும் விண்ணப்பப் படிவம் "எப்போதாவது வழக்கு இருந்ததா" என்று கேட்டால் எழுதிவிடுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: அற்ப வழக்கை உண்மையாகச் சொன்னவரைப் பரிசீலிக்க இடமுண்டு, மறைத்தவரை அதற்காகவே வெளியேற்றலாம்.

## வழி 4: நடத்திப் பார்ப்பது

நாங்கள் அடிக்கவே இல்லை, அல்லது அவர்கள் அடிக்க வந்ததால் தடுத்தோம் என்றால் இதுதான் வழி. வருடக்கணக்கில் போகும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாட்சி வரமாட்டார், டாக்டர் மாறுதலில் போயிருப்பார், விசாரணை அதிகாரிக்கு பந்தோபஸ்து. வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் வர முடியாதபோது "317" போடுவோம். இப்போது அது 355. ஆஜராக விலக்குக் கேட்கும் அந்த மனுவைப் போடாமல் விட்டால் வாரண்ட் பிறக்கும். வாரண்டை ரத்து செய்ய இன்னொரு மனு, இன்னொரு செலவு.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு சுமை கூடுதல். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட் அனுமதி வேண்டும். 1993ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிப்பின்படி அனுமதி உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்கு மட்டுமே பாஸ்போர்ட் கிடைக்கும். அதனால் மனு போடும்போதே எத்தனை வருடம் என்று கேட்டு எழுத வேண்டும். வளைகுடாவுக்குக் கிளம்பும் பையன்களின் வக்கீல்கள் இதை மறந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

சரி, இவ்வளவு கஷ்டத்துக்கு என்ன பலன்? அடிதடி வழக்குகள் பார்க்கப் பலமாகத் தெரிந்தாலும் உள்ளே ஓட்டை இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் ஏ.ஆர். காப்பி, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவர் டியூட்டி டாக்டரிடம் முதலில் சொன்னது அதில் ஒரே வரியில் இருக்கும்: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், தெரிந்த இத்தனை நபர்களால், இன்ன பொருளால். யாரும் யோசனை சொல்வதற்கு முன் சொன்னது என்பதால் அந்த வரிக்கு மதிப்பு அதிகம். ஏ.ஆரில் "தெரிந்த இரண்டு பேர், கையால்" என்றிருக்கும். எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேராகி ஆளுக்கொரு கட்டை முளைத்திருக்கும். குறுக்கு விசாரணையில் பாதி வேலையை அந்த ஒரு வரியே செய்துவிடும். எலும்பு முறிவு என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரே படத்தையோ எடுத்த டாக்டரையோ கோர்ட்டுக்குக் கொண்டுவராத வழக்குகளில் கொடுங்காயப் பிரிவு சாதாரணக் காயமாக இறங்கியிருக்கிறது.

உங்களுக்கும் அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்தவர்கள், தற்காப்பு என்று வாதாட வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள். தற்காப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பி.என்.எஸ். 34இலிருந்து 44 வரை அதுதான். தேவைக்கு மீறி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. இரு தரப்பும் புகார் கொடுத்த கவுண்டர் கேஸ் என்றால், இரண்டையும் சேர்த்தே விசாரித்து யார் முதலில் கை வைத்தது என்று கண்டறிய வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் நிலையாணை. வக்கீல்கள் இன்னும் பழைய எண்ணான 588-ஏ என்றே சொல்வார்கள். உங்கள் புகாரை மூடிவிட்டு அவர்களுடையதை மட்டும் கோர்ட்டுக்கு அனுப்பியிருந்தால், அதைக் கேள்வி கேட்க அந்த ஆணைதான் பிடி.

கேமரா பதிவைப் பற்றி ஒன்று. கடைக்காரர்களின் கேமராவில் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. சம்பவத்துக்கு மறுநாளே பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கடைக்காரருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பதிவுத் தபால் போட்டுவிடுங்கள்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | ஃபைன் | ராஜி | ஹைகோர்ட் ரத்து | நடத்துவது |
|---|---|---|---|---|
| கடைசியில் கையில் | தண்டனைத் தீர்ப்பு | விடுதலைக்குச் சமம் | வழக்கே ரத்து | விடுதலை அல்லது தண்டனை |
| காலம் | ஒரே நாள் | பேச்சு முடிந்தால் சில வாய்தா | மனு பட்டியலுக்கு வருவதைப் பொறுத்து | வருடக்கணக்கு |
| பணம் | மிகக் குறைவு | இழப்பீட்டுத் தொகையைப் பொறுத்து | முன்பணம் அதிகம் | கொஞ்சம் கொஞ்சமாக நிறைய |
| மறைந்திருக்கும் செலவு | வேலை, அடுத்த வழக்கில் பழைய தண்டனை | ராஜி ஆகாத பிரிவு மிஞ்சுவது, பிறழ் சாட்சிச் சிக்கல் | தள்ளுபடியானால் இரட்டைச் செலவு | கூலி நஷ்டம், வாரண்ட், பாஸ்போர்ட் அனுமதி |
| பின்வாங்க முடியுமா | கிட்டத்தட்ட முடியாது | பதிவான பின் முடியாது | தோற்றாலும் மற்ற வழிகள் உண்டு | தீர்ப்புக்கு முன் ராஜிக்குப் போகலாம் |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். நடத்துவதில் தொடங்கி ராஜிக்கு மாறலாம், ராஜி பேசி ஹைகோர்ட் போகலாம். ஃபைனில் தொடங்கி எங்கும் போக முடியாது.

## யாரை வக்கீலாக வைப்பது

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. சின்ன மாஜிஸ்திரேட் வழக்குக்கு அந்த கோர்ட்டில் தினமும் நிற்கும் வக்கீல்தான் சரி. பெரிய பெயர் உள்ளவர் வாய்தாவுக்கு ஜூனியரைத்தான் அனுப்புவார். கட்டணம் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா, ஜாமீனும் குறுக்கு விசாரணையும் அதில் சேருமா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் வக்கீலிடம் வக்காலத்து கொடுக்க வேண்டாம்.

பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி. 1987ஆம் ஆண்டு சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், எஸ்.சி./எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா கோர்ட்டில் வட்டக்குழு. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். 2022இல் வந்த திட்டத்தின்படி, குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காகவே முழுநேரம் வேலை செய்யும் சட்ட உதவி வக்கீல்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். இலவசம் என்றால் ஏனோதானோ என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. ஒரே மாதத்தில் பத்து டாக்டர்களைக் குறுக்கு விசாரணை செய்த சட்ட உதவி வக்கீலையும், காசு வாங்கிக்கொண்டு ஏ.ஆர். காப்பியைப் பிரித்தே பார்க்காதவரையும் நான் ஒரே வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

பிரித்துப் பார்க்காத கதைக்கு வருகிறேன். அந்தப் பையனிடம் போலீஸ் தரப்பு ஆவண நகல்கள் இருந்தன. ஆஜரான பதினான்கு நாளுக்குள் அவற்றை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், கொடுத்துமிருந்தார்கள். பின் அடித்த கட்டு அப்படியே இருந்தது. நகத்தால் பின்னை நெம்பிப் பக்கங்களைப் புரட்டினோம். எட்டாவது பக்கம் ஏ.ஆர். காப்பி. டாக்டர் கையெழுத்தைப் படிக்கக் கொஞ்சம் நேரமானது. "தெரிந்த ஒரு நபரால், கையால் தாக்கப்பட்டதாக." எஃப்.ஐ.ஆரில் நான்கு பேர், இரண்டு மண்வெட்டி.

ஏ-3, ஏ-4 இருவருக்கும் மட்டும் மதுரையில் ரத்து மனு, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இங்கே பங்காளிகளோடு பேச்சு என்று பிரித்துக்கொண்டோம். மனுவுக்கு எண் கிடைத்துவிட்டது, இன்னும் பட்டியலுக்கு வரவில்லை. பையன் எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டான். வழக்கு விவரம் கேட்ட கட்டத்தில் "ஆம், நிலுவையில் உள்ளது" என்று எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்கு போட்டோ அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டான்.